யார் வேடம் கட்டலாம்? பழைய தொலைக்காட்சித் த்ரில்லர்களில் நிறமும் பாலினமும்

பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் த்ரில்லர் தொடர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தலைகளை எண்ணுகிறார்கள். கறுப்பின நடிகர் எத்தனை பேர், ஆசிய முகங்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? எண்ணத்தான் வேண்டும். அமெரிக்கக் குடிமை உரிமை ஆணையமே அப்படி எண்ணிப் பார்த்து 1977-ல் 'விண்டோ டிரெஸ்ஸிங் ஆன் தி செட்' என்ற அறிக்கையை வெளியிட்டது. பெண்களும் சிறுபான்மையினரும் திரையில் குறைவாகவே வருகிறார்கள், வந்தாலும் அச்சில் வார்த்த பாத்திரங்களாகவே வருகிறார்கள் என்று அது சொன்னது. ஆனால் த்ரில்லருக்கு இந்த எண்ணிக்கை மட்டும் போதாது.

உளவுக் கதையிலும் துப்பறியும் கதையிலும் மூன்று வேலைகள் உண்டு. ஒருவர் சந்தேகப்படுவார். ஒருவர் சந்தேகத்துக்கு ஆளாவார். ஒருவர் வேடம் கட்டிக்கொண்டு எதிரியின் வீட்டுக்குள் நுழைவார். எந்த வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் இந்தத் தொடர்கள் மனிதர்களை எப்படிப் பிரித்து வைத்தன என்பது புரியும். அதிலும் மூன்றாவது வேலைதான் உரைகல். வேடம் கட்டுபவர் யாராகவும் மாறலாம் என்று பார்வையாளர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் வெள்ளை ஆண் நடிகருக்குக் கேட்காமலே கிடைத்தது. மற்றவர்கள் அதை வாதாடிப் பெற வேண்டியிருந்தது. 1950-களிலிருந்து 1980-கள் வரையிலான தொடர்களை வரிசையாகப் பார்த்தால் இந்த வாதாட்டத்தின் வரலாறு தெரிகிறது.

சார்லி சானிலிருந்து தொடங்கலாம். ஏர்ல் டெர் பிக்கர்ஸின் நாவல்களில் வரும் இந்த ஹவாய்ச் சீனத் துப்பறிவாளருக்கு ஹொனலுலு காவல் துறையிலேயே சாங் அபானா என்ற நிஜ முன்னோடி இருந்தார். ஆனால் சினிமாவில் சானாகப் புகழ்பெற்றவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். 1957-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தப் பாத்திரம் அயர்லாந்து வம்சாவளியினரான ஜே. கேரல் நெய்ஷிடம் போனது. 39 அத்தியாயங்கள் எடுத்தார்கள். சானின் மகனாக நடித்தவர் ஜேம்ஸ் ஹாங், உண்மையிலேயே சீன வம்சாவளி நடிகர். தகப்பனுக்கு ஒப்பனை, மகனுக்குச் சொந்த முகம். யோசித்துக் குற்றவாளியைப் பிடிப்பது ஒப்பனை முகத்தின் வேலை. ஓடியாடித் தடுமாறுவது சொந்த முகத்தின் வேலை.

தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1951-ல், டூமாண்ட் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தில் 'தி கேலரி ஆஃப் மேடம் லியு-சாங்' என்ற தொடர் வந்துவிட்டது. கலைப்பொருள் வணிகராக இருந்துகொண்டே துப்பறியும் சீனப் பெண்ணாக அதில் நடித்தவர் ஆனா மே வாங். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆசிய வம்சாவளி நடிகர் ஒருவர் தலைமைப் பாத்திரமேற்ற முதல் தொடர் அது. சில மாதங்களில் நின்றுபோனது. டூமாண்ட் மூடப்பட்ட பிறகு அதன் சேமிப்பில் பெரும்பகுதி அழிந்தது. இந்தத் தொடரில் ஓர் அத்தியாயமும் மிஞ்சவில்லை. நெய்ஷின் சார்லி சானை இன்றும் தேடிப் பார்க்கலாம்.

அடுத்த பெரிய திருப்பம் 1965 செப்டம்பரில் என்.பி.சி. தொடங்கிய 'ஐ ஸ்பை'. தயாரித்தவர் ஷெல்டன் லியோனார்ட். ராபர்ட் கல்ப், பில் காஸ்பி என்ற இருவரும் சம நாயகர்கள். வாராந்தர நாடகத் தொடர் ஒன்றில் கறுப்பின நடிகர் இணை நாயகனாக வந்தது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுவே முதல் முறை. தெற்கு மாநிலங்களின் சில நிலையங்கள் தொடரை ஒளிபரப்ப மறுத்தன. காஸ்பி 1966, 1967, 1968 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். இதே காஸ்பி 2018-ல் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதையும், 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல பெண்கள் அவர்மீது சொன்ன புகார்களைக் கேட்டபின் அந்தத் தொடரைப் பழைய மனத்தோடு பார்க்க முடியவில்லை. வரலாற்றில் அதன் இடத்தை மட்டும் மறுக்க முடியாது.

தொடரின் உள்ளமைப்பைக் கவனியுங்கள். கல்ப் நடித்த கெல்லி ராபின்சன் ஊர் ஊராகப் போய் டென்னிஸ் ஆடும் வீரர். காஸ்பி நடித்த அலெக்ஸாண்டர் ஸ்காட் அவருடைய பயிற்சியாளர். இது உலகத்துக்குக் காட்டும் வேடம். உண்மையில் இருவரும் அமெரிக்க உளவாளிகள். ஸ்காட் நன்கு படித்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் பயின்றவர், பல மொழிகள் பேசுபவர். ஆனால் வெளியுலகுக்கு அவர் வெள்ளை வீரரின் மட்டைகளைச் சுமந்து பின்னால் நடக்கும் ஆள். கறுப்பர் ஒருவர் அப்படி நடந்தால் எந்த ஊரிலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்ற சமூக உண்மையின் மேல்தான் அந்த வேடம் நிற்கிறது. தொடர் இதை ஓரளவு அறிந்தே செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். பணியாளராகத் தெரிகிறவரே மூளையாக இருக்கிறார் என்ற செய்தி, வாய்விட்டுச் சொல்லப்படாமல், வாரம் தவறாமல் வீடுகளுக்குள் போனது. நிறத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை, இருவரும் சமமாக நடமாடுவதே போதும் என்பதுதான் அந்த நடிகர்களின் நிலைப்பாடு.

ஆனால் முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் நிறம் வந்தே தீர்ந்தது. கல்ப் எழுதிய 'ஸோ லாங், பேட்ரிக் ஹென்றி' ஹாங்காங்கில் நடக்கிறது. ஐவன் டிக்சன் நடித்த கறுப்பின ஒலிம்பிக் வீரர் பணத்துக்காகச் சீனாவின் பக்கம் போய்விட்டவர். அவருடைய காதலியாக வருபவர் சிசலி டைசன். ஆக, தொலைக்காட்சியின் முதல் கறுப்பின உளவாளி பார்வையாளர்முன் வந்து நின்ற அன்றே அவருக்கு எதிரில் நிறுத்தப்பட்டவர் நாட்டை விட்டுப் போன இன்னொரு கறுப்பர். கெல்லியின் தேசபக்தியை எந்த அத்தியாயமும் இப்படி வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கவில்லை. டிக்சன், டைசன் இருவரும் அபாரமாக நடித்திருக்கிறார்கள். அந்த அத்தியாயம் இன்றும் விறுவிறுப்புக் குறையாமல் இருக்கிறது. ஆனாலும் ஸ்காட் கொடுக்க வேண்டியிருந்த அந்த நுழைவுச் சான்றிதழ் கண்ணில் உறுத்துகிறது.

டிக்சன் அதோடு நிற்கவில்லை. நடிப்பிலிருந்து இயக்கத்துக்குப் போய், சாம் கிரீன்லீயின் நாவலை 1973-ல் 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்' என்று படமாக்கினார். சி.ஐ.ஏ. ஒரு கறுப்பரை முதல்முறையாகச் சேர்க்கிறது. சேர்த்தபின் அவரை நகலெடுக்கும் பிரிவில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்குக் காட்சிப்பொருளாகக் காட்டுகிறது. அவர் பணிவு என்ற வேடத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கற்று, வெளியே போய், சிகாகோ இளைஞர்களைத் திரட்டுகிறார். டென்னிஸ் மட்டைகளைச் சுமந்த ஸ்காட் அமெரிக்க அரசுக்காகச் செய்ததை இந்த நாயகன் அதே அரசுக்கு எதிராகச் செய்கிறார். படம் திரையரங்குகளிலிருந்து விரைவிலேயே மறைந்தது. 2012-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். வேடம் கட்டும் உரிமை கறுப்பினக் கலைஞரின் கைக்கே வந்தால் கதை எங்கே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

காமிராவுக்குப் பின்னால் இன்னொரு வகை மாறுவேடம் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின நடிகருக்கு டூப் போட வேண்டுமானால் வெள்ளைச் சண்டைக் கலைஞரின் முகத்தில் கறுப்பு மை பூசி மாடியிலிருந்து குதிக்க வைப்பது ஹாலிவுட் வழக்கம். 'ஐ ஸ்பை' படப்பிடிப்பில் காஸ்பி அதை மறுத்தார். கால்வின் பிரவுன் என்ற கறுப்பினக் கலைஞர் அவருக்கு டூப் போட்டார். 1967-ல் கறுப்பினச் சண்டைக் கலைஞர்கள் தங்களுக்கென ஒரு சங்கமே தொடங்கினார்கள். பிரதிநிதித்துவம் என்ற பெரிய சொல்லுக்கு நடைமுறைப் பொருள் இதுதான்: விழுந்து எழும் உடலுக்கான கூலி யாருக்குப் போகிறது?

புரூஸ் கெல்லர் உருவாக்கிய 'மிஷன்: இம்பாஸிபிள்' 1966-ல் சி.பி.எஸ்.ஸில் தொடங்கியது. முழுக்க முழுக்க மாறுவேடத்தையே கதையாகக் கொண்ட தொடர் இது. முதல் அத்தியாயத்திலேயே மார்ட்டின் லாண்டாவ் சாண்டா கோஸ்டா என்ற கற்பனை லத்தீன் அமெரிக்க நாட்டின் தளபதியாக மாறிவிடுகிறார். அவருக்குப் பின் வந்த லெனார்டு நிமாயும் அதே வேலையைத் தொடர்ந்தார். ரப்பர் முகமூடியைக் கழுத்தருகே பிடித்து உரிக்கும் அந்தக் காட்சியில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு வெள்ளை ஆண். அவர்கள் போகும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குப் பெயரே இருக்காது. சுவர்ப் பலகைகளில் ஆங்கிலச் சொற்களையே வளைத்து ஒடித்து, மேலே புள்ளிகள் வைத்து எழுதியிருப்பார்கள். படக்குழுவினர் அந்த மொழியைத் தயாரிப்பாளரின் பெயரால் 'கெல்லரீஸ்' என்று அழைத்தார்கள். எதிரியின் நாடு, மொழி, முகம் எல்லாமே அங்கே கிடங்கிலிருந்து எடுத்து மாட்டும் பொருட்கள்.

அந்த அணியில் பார்னி காலியராக வந்தவர் கிரெக் மாரிஸ். மின்னணுப் பொறியியல் வல்லுநர், சொந்த நிறுவனத்தின் உரிமையாளர். 1966 முதல் 1973 வரை ஏழு பருவங்களிலும் இருந்தார். அணித் தலைவர் மாறினார், முகமூடிக்காரர் மாறினார், நாயகிகள் மாறினார்கள், பார்னி மாறவில்லை. கறுப்பினச் சிறுவர்கள் பொறியாளராகத் தங்களைக் கற்பனை செய்துகொள்ள அந்த நாட்களில் தொலைக்காட்சியில் வேறு ஆள் அரிது. இதற்காக இந்தத் தொடரை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பார்னி எங்கே வேலை செய்கிறார்? சுவருக்குப் பின்னால், காற்றுக் குழாய்க்குள், லிஃப்ட் சுரங்கத்தில், பெட்டிக்குள். வெள்ளையர் மட்டுமே வாழும் கற்பனை நாட்டில் கறுப்பர் தெருவில் நடந்தால் கதை கெட்டுவிடும் என்பதால் இந்த ஒளிவு என்று சொல்லலாம். ஆனால் அந்த நாட்டைக் கற்பனை செய்தவர்களும் இவர்கள்தானே. திருகாணியைக் கையில் பிடித்தபடி, நெற்றியில் வியர்வை வழிய, கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மாரிஸின் அண்மைக் காட்சிகள் தொடரின் மிகச் சிறந்த பதற்றக் கணங்கள். அறைக்குள் லாண்டாவ் பேசிக்கொண்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் மாரிஸ் பேச்சே இல்லாமல் நடித்துக்கொண்டிருப்பார்.

1971-ல் ஒளிபரப்பான 'கிடாரா' அத்தியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை நாடு. நிறவெறிச் சட்டம் ஆட்சி செய்கிறது. அங்கே கொடுமை செய்யும் வெள்ளை அதிகாரி ஒருவரின் தோல் கறுத்துக்கொண்டு வருவதாகக் காட்டி, அவர் கறுப்பின ரத்தம் கலந்தவர் என்று அவரையே நம்பவைக்கிறது நமது அணி. அவர் பிறர்மேல் ஏவிய சட்டம் அவர்மேலேயே பாய்கிறது. நிறம் என்பதே அரசு ஒட்டிவிட்ட வேடம்தான் என்று இவ்வளவு வெளிப்படையாக அந்தக் காலத்துத் த்ரில்லர் எதுவும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. அதே வேளையில், இந்தக் கதை அமெரிக்காவின் அலபாமாவில் நடக்கவில்லை, கற்பனையான தூரதேசத்தில் நடக்கிறது. கறுப்பாவதே ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய உச்சகட்டப் பயங்கரம் என்ற பயத்தையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. துணிவும் கோழைத்தனமும் ஒரே மணி நேரத்தில்.

ஆசிய நடிகர்களுக்கு 1960-கள் இன்னும் கஞ்சத்தனமாக இருந்தன. 1966-ல் 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் புரூஸ் லீ நடித்த கேட்டோ பகலில் கார் ஓட்டி, இரவில் முகமூடிக்காரர். நாயகனுக்கும் முகமூடி உண்டு. ஆனால் அதைக் கழற்றினால் அவர் பத்திரிகை அதிபர், கேட்டோவோ கழற்றினாலும் பணியாளர்தான். தொடர் ஹாங்காங்கில் காட்டப்பட்டபோது மக்கள் அதை 'கேட்டோ' தொடர் என்றே சொன்னார்கள் என்பது அவர்கள் யாரைப் பார்க்க உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லும். 1972-ல் 'குங் ஃபூ' தொடரின் பாதிச் சீன நாயகனாக டேவிட் கேரடைனைப் போட்டார்கள். அதற்குள் லீ ஹாங்காங் சினிமாவுக்குப் போய்விட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் இழப்பு அது, லீயின் இழப்பு அல்ல.

1968 முதல் 1980 வரை ஓடிய 'ஹவாய் ஃபைவ்-ஓ' ஹவாயிலேயே படமாக்கப்பட்டது. உள்ளூர் முகங்கள் திரையை நிறைத்தன. சின் ஹோ கெல்லியாக நடித்த காம் ஃபாங் ஹொனலுலு காவல் துறையில் பல ஆண்டுகள் உண்மையாகவே பணியாற்றியவர். அவர் நடையிலும் நிற்கும் விதத்திலும் அது தெரிகிறது. ஆனாலும் தீர்மானிப்பது ஜாக் லார்டு நடித்த தலைவர் மெக்காரெட். மற்றவர்கள் தகவல் கொண்டுவருவார்கள். பிரதான வில்லன் வோ ஃபாட் சீன உளவாளி. அந்தப் பாத்திரத்தில் நடித்த கை டீ சீனரே அல்ல. நியூ ஜெர்சியில் பிறந்த, சூடானிய வேர் கொண்டவர். ஆசிய முகங்கள் நிறைந்த தீவிலும் மிகப் பெரிய ஆசியப் பாத்திரத்துக்கு ஒப்பனை தேவைப்பட்டிருக்கிறது.

பெண்களின் கதை வேறு பாதையில் போகிறது. அவர்களுக்கு வேடம் மறுக்கப்படவில்லை. குறிப்பிட்ட சில வேடங்கள் மட்டுமே திரும்பத் திரும்பத் தரப்பட்டன. பிரிட்டனின் உளவுத் தொடரான 'தி அவெஞ்சர்ஸ்' இதற்கு நல்ல விதிவிலக்கு, அதுவும் தற்செயலாக. 1962-ல் ஹானர் பிளாக்மன் கேத்தி கேலாகச் சேர்ந்தபோது, ஆண் பாத்திரத்துக்கு எழுதி வைத்திருந்த சில திரைக்கதைகளைச் சிறு திருத்தங்களோடு அவருக்குக் கொடுத்தார்கள். ஆணுக்கு எழுதிய வசனத்தைப் பெண் பேசினார். தொடர் எங்கும் இடறவில்லை. 1965-ல் வந்த டயானா ரிக் அந்த இடத்தை இன்னும் உயர்த்தினார். ஆனால் தொடரின் காமிராமேனைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று அறிந்து அவர் உயர்வு கேட்டபோது, பணத்தாசைக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. திரையில் சமத்துவம், சம்பளப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவில் 'தி மாட் ஸ்க்வாட்' 1968-ல் மூன்று இளைஞர்களைப் போலீசின் மறைமுக ஆட்களாக்கியது. ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர், ஒரு பொன்கூந்தல்காரி என்று விளம்பரப்படுத்தினார்கள். ஆண்களுக்கு இனம் அடையாளம், பெண்ணுக்கு முடி. 1974-ல் வந்த 'போலீஸ் வுமன்' ஆஞ்சி டிக்கின்சனைப் பெரும் நட்சத்திரமாக்கியது. ஆனால் அவர் பாத்திரம் மாறுவேடம் என்று எத்தனை முறை பாலியல் தொழிலாளியாகவும் நடனக்காரியாகவும் அனுப்பப்பட்டது என்று பார்த்தால் ஆயாசமாக இருக்கிறது. அதே தொடரின் 'ஃபிளவர்ஸ் ஆஃப் ஈவில்' அத்தியாயம் தன்பாலீர்ப்புப் பெண்கள் மூவரை முதியோர் இல்லத்தில் கொலை செய்பவர்களாகக் காட்டியது. அதை எதிர்த்து நியூயார்க்கில் என்.பி.சி. அலுவலகத்துக்குள்ளேயே பெண்கள் நுழைந்து போராடினார்கள்.

கறுப்பினப் பெண்ணுக்கான வாய்ப்பு அதே ஆண்டு 'கெட் கிறிஸ்டி லவ்!' வழியாக வந்தது. டெரசா கிரேவ்ஸ் நடித்த இந்தத் துப்பறிவாளர் பாத்திரம், முன்னாள் பெண் காவலர் டாரத்தி உனாக் எழுதிய நாவலில் வெள்ளைப் பெண். ஒருமுறையாவது மாற்றம் எதிர்த் திசையில் நடந்தது. தன் மத நம்பிக்கையால் கிரேவ்ஸ் கவர்ச்சிக் காட்சிகளுக்கும் கொலை செய்யும் காட்சிகளுக்கும் சம்மதிக்கவில்லை. தொடர் ஒரு பருவத்தோடு முடிந்தது.

உடல் ஊனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'அயர்ன்சைடு' 1967 முதல் எட்டு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் அமர்ந்த துப்பறிவாளரை நாயகனாக்கியது பெரிய விஷயம். நடித்த ரேமண்ட் பர் எழுந்து நடக்கக்கூடியவர். அவர் நாற்காலியைத் தள்ளிய கறுப்பின உதவியாளராக டான் மிட்செல் நடித்தார். அந்தப் பாத்திரம் தொடர் போகப் போகச் சட்டம் படித்து வழக்கறிஞராகிறது. எடுபிடியாகத் தொடங்கிய ஒருவரை வளரவிட்டது அந்தத் தொடரின் பெருந்தன்மை.

பிரிட்டனில் 1969-ன் 'டிபார்ட்மென்ட் எஸ்' சர்வதேசத் துப்பறியும் பிரிவின் தலைவராகச் சர் கர்டிஸ் செரட்சே என்ற ஆப்பிரிக்கரை நிறுத்தியது. டென்னிஸ் அலபா பீட்டர்ஸ் அந்தப் பாத்திரத்தில் கண்ணியமாக இருக்கிறார். வழக்கை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். சாகசம் மற்ற மூவருக்கு. இதற்கு நேர்மாறாக, ஃபிலிப் மார்ட்டின் எழுதிய பி.பி.சி.யின் 'கேங்ஸ்டர்ஸ்' பர்மிங்ஹாமின் தெருக்களில் இறங்கியது. 1975-ல் தனி நாடகமாக வந்து, 1976-லும் 1978-லும் தொடரானது. அகமது கலீல் நடித்த கான் அரசின் மறைமுக உளவாளி. சயீத் ஜாஃப்ரி நடித்த ரஃபீக் சமூகத் தலைவர் போர்வையில் ஆள்கடத்தல் பணத்தில் வாழ்பவர். தெற்காசியர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் சந்தேகப்படுபவர், சந்தேகத்துக்கு ஆளாகிறவர், வேடதாரி ஆகிய மூன்று இடங்களிலும் தெற்காசியர் இருந்த தொடர் அதற்கு முன் எது? நல்லவராக மட்டுமே காட்டுவது மரியாதை ஆகாது. எல்லா இடத்திலும் இருக்கவிடுவதே மரியாதை.

1984-ன் 'மயாமி வைஸ்' வரும்போது பல கதவுகள் திறந்துவிட்டன. எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் அதிகம் பேசாத லெப்டினன்ட் காஸ்டியோவாக எம்மி விருது வாங்கினார். ஃபிலிப் மைக்கேல் தாமஸ் நடித்த துப்பறிவாளர் டப்ஸ் வாரந்தோறும் விதவிதமான வேடத்தில் கடத்தல்காரர்களோடு பேரம் பேசினார். வில்லன்கள் மட்டும் மீண்டும் மீண்டும் லத்தீன் அமெரிக்கர்களாக வந்தார்கள்.

காலம் அப்படி என்று இவற்றுக்கெல்லாம் ஒரே வரியில் மன்னிப்பு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்தில்தான் ஆனா மே வாங் துப்பறிந்தார், காஸ்பி மை பூசிய டூப்பை மறுத்தார், ரிக் சம்பளம் கேட்டார், பெண்கள் தொலைக்காட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வேறு வழி இருந்தது, தேர்ந்தெடுக்கவில்லை.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'ஐ ஸ்பை'யின் முதல் அத்தியாயத்தையும் 'கிடாரா'வையும் பார்த்துவிட்டு, 1981-ல் பி.பி.சி. தொடங்கிய 'தி சைனீஸ் டிடெக்டிவ்'வைத் தேடிப் பாருங்கள். இயன் கென்னடி மார்ட்டின் உருவாக்கியது. லிவர்பூலில் பிறந்த டேவிட் யிப் கிழக்கு லண்டனின் காவல் அதிகாரி ஜான் ஹோவாக, ஒப்பனை இல்லாத சொந்த முகத்தோடு வருகிறார். குற்றவாளிகளை அவர் சந்தேகிக்கிறார். காவல் துறை அவரைச் சந்தேகிக்கிறது. தன் தந்தைமேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் அவர் சீருடைக்குள் நுழைந்திருக்கிறார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கிழக்காசிய வம்சாவளி நடிகர் நாயகனான முதல் நாடகத் தொடர் அது. நான் இங்கே பேசிய தொடர்களில் மிக நேர்மையானதும் அதுவே. 14 அத்தியாயங்களோடு 1982-ல் நிறுத்திவிட்டார்கள்.